பிறந்த பிள்ளைக்கு மலம் போகவில்லையா? குடல் நரம்புகளின் ஏழு வாரக் கதை

போர்க்காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு வயிற்றைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கிபிரின் இரைச்சல் கேட்டதும், பங்கருக்குள் இறங்கி முடிவதற்குள், வயிறு கலங்கிவிடும். இரவில் செல் விழத் தொடங்கினால் பிள்ளைகள் முதலில் கேட்பது கக்கூசுக்குப் போக வேண்டும் என்றுதான். வயிற்றில் புளியைக் கரைத்தது என்று நாங்கள் சொல்வது சும்மா வந்த பேச்சல்ல. குடலுக்கும் நரம்புகளுக்கும் அவ்வளவு நெருக்கம் இருக்கிறது.

நான் சாவகச்சேரியில் பல ஆண்டுகள் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்தவன். உணவுக்கால்வாயைப் படிப்பிக்கும்போது சுற்றுச்சுருங்கலசைவு என்று ஒரு சொல் வரும். குடல் பின்னால் சுருங்கி முன்னால் தளர்ந்து உணவைத் தள்ளிக்கொண்டு போகும் அசைவு அது. அதை யார் நடத்துகிறார்கள், அந்த நரம்புகள் குடலுக்குள் எப்படி வந்தன என்பதற்கு நான் வகுப்பில் ஒதுக்கியது சில நிமிடங்கள்தான். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி ஆறுதலாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க, எங்கள் ஊர்களில் பல தாய்மார் சுமந்துகொண்டிருக்கும் ஒரு பழிக்கு இதற்குள் பதில் இருக்கிறது என்று பட்டது.

பிள்ளை பிறக்கிறது. இரண்டு நாளாகியும் மலம் போகவில்லை. வயிறு உப்புகிறது. பச்சையாக வாந்தி எடுக்கிறது. பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் தாயைத்தான் பார்ப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு செல் சத்தத்துக்குப் பயந்தாளாம், கிரகண நேரத்தில் வெளியில் வந்தாளாம், புகையைச் சுவாசித்தாளாம், ஓட்டத்தில் பாரம் தூக்கினாளாம். போர் முடிந்த பிறகும் இந்தக் கதைகள் முடியவில்லை. இப்படிப்பட்ட அறிகுறிகளோடு வரும் ஒரு நோய்க்கு ஹிர்ஷ்பிரங் நோய் என்று பெயர். அது எப்போது, எதனால் உண்டாகிறது என்று கடந்த சில தசாப்தங்களில் ஆய்வாளர்கள் பெருமளவு கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை எங்கள் சனம் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குடலுக்குள் ஒரு தனி நரம்புத்தொகுதி

எங்கள் குடற்சுவரில் தசை இரண்டு படைகளாக இருக்கிறது. உள்ளே உள்ளது வளையமாக ஓடுகிறது, வெளியே உள்ளது நீளவாக்கில் ஓடுகிறது. இந்த இரண்டு படைகளுக்கும் நடுவில் ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதற்கும் உள்ளே, குடலின் உட்தோலுக்குக் கிட்ட, இன்னொரு வலை. ஜேர்மனியரான மைஸ்னர் உள்வலையை 1857இல் விவரித்தார். அவருடைய நாட்டவரான அவுவர்பாக் அடுத்த சில ஆண்டுகளில் வெளிவலையை விவரித்தார். இந்த வலைகளில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக்கலங்கள் இருக்கின்றன. முண்ணாணில் உள்ளவற்றோடு ஒப்பிடக்கூடிய தொகை இது.

1899இல் இலண்டனில் பெய்லிஸ், ஸ்ராலிங் என்ற இருவர் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டுப் பார்த்தார்கள். அப்படியிருந்தும் குடலுக்குள் ஏதாவது வைத்தால் அதற்கு மேலே சுருக்கமும் கீழே தளர்வும் ஏற்பட்டன. மூளையின் கட்டளை இல்லாமலே குடல் தன் வேலையைச் செய்தது. குடலை 'இரண்டாவது மூளை' என்று சிலர் அழைப்பதற்கு இதுதான் அடிப்படை.

இதில் தளர்வு என்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். குடல் தசை தானாகச் சுருங்கும் இயல்புடையது. அதைத் தளர விடுவதற்குத்தான் முக்கியமாக நரம்பு வேண்டும். நரம்பில்லாத குடல் தொளதொளவென்று கிடக்காது, இறுகிப் பூட்டிக்கொள்ளும். மேலிருந்து வருவது அந்த இடத்தில் தடைப்படும். தடைக்கு மேலே உள்ள நல்ல குடல் நாளாக ஆக வீங்கிப் பெருக்கும்.

கோபன்ஹேகனில் சிறுவர் வைத்தியராக இருந்த ஹரால்ட் ஹிர்ஷ்பிரங் 1886இல் பேர்லினில் நடந்த ஒரு கூட்டத்தில் இப்படி இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அவர் கண்ணில் பட்டது வீங்கிய பெருங்குடல்தான். வீங்கிய இடத்தில்தானே நோய் இருக்கும் என்று அவருக்குப் பின்வந்தவர்களும் பல தசாப்தங்களாக நினைத்தார்கள். வீங்கிய பகுதியை வெட்டினார்கள், பிள்ளைகள் சுகப்படவில்லை. 1948இல் பொஸ்ரனில் ஓர்வார் சுவென்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வீக்கத்துக்குக் கீழே சாதாரணமாகத் தெரிந்த ஒடுங்கிய பகுதியை அகற்றி, மேலே உள்ள நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். பிள்ளைகள் பிழைத்தார்கள். ஒடுங்கிய பகுதியில் நரம்புக்கலங்களே இல்லை என்பது நுணுக்குக்காட்டியில் உறுதியானது. இன்று உலகெங்கும் செய்யப்படும் சத்திரசிகிச்சைகள் எல்லாம் இந்த முறையின் வழியில் வந்தவைதான்.

சரி, அந்தப் பகுதியில் மட்டும் ஏன் நரம்பு இல்லை?

கழுத்திலிருந்து ஒரு நடை

குடலின் நரம்புக்கலங்கள் குடலில் பிறப்பவை அல்ல. அவை வெளியிலிருந்து வருபவை. முளையத்தின் முதுகுப்புறத்தில், பின்னாளில் மூளையாகவும் முண்ணாணாகவும் ஆகப்போகும் நரம்புக் குழாயின் விளிம்பில் ஒரு கலக்கூட்டம் உண்டாகிறது. நரம்பு முகட்டுக் கலங்கள் என்று அவற்றைச் சொல்லலாம். இவை ஓரிடத்தில் நில்லாத கலங்கள். சில தோலுக்குப் போய் நிறங்கொடுக்கும் கலங்களாகின்றன, சில முகத்தின் எலும்புகளாகின்றன. கழுத்துப் பக்கத்தில் இருந்து கிளம்பும் ஒரு கூட்டம் குடலுக்குப் போகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர் நிக்கோல் லு டுவாரன் என்ற பிரெஞ்சு அறிஞர். காடையின் கலத்தையும் கோழியின் கலத்தையும் நுணுக்குக்காட்டியில் வேறுபிரித்து அறியலாம், காடைக் கலத்தின் கருவில் ஒரு கருமையான திரள் இருக்கும். கோழி முளையத்தின் கழுத்துப் பகுதியில் இருந்த நரம்பு முகட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காடையின் நரம்பு முகட்டை அவர் வைத்தார். சில நாட்களின் பின் கோழிக்குஞ்சின் குடலை வெட்டிப் பார்த்தால் அதன் நரம்புகள் காடைக் கலங்களாக இருந்தன. 1973இல் அவரும் சக ஆய்வாளரும் வெளியிட்ட இந்த ஆய்வு, குடல் நரம்புகளில் பெரும்பங்கு கழுத்துப் பக்கமிருந்து வருகிறது என்பதை ஐயமறக் காட்டியது. வால்பக்கத்திலிருந்தும் சிறிய கூட்டம் ஒன்று மேல்நோக்கி வந்து பெருங்குடலின் கடைசியில் சேர்கிறது.

மனித முளையத்தில் இந்தப் பயணம் கருக்கட்டி ஏறத்தாழ நான்காவது வாரத்தில் தொடங்குகிறது. கலங்கள் குடற்குழாயின் மேற்பகுதிக்குள் நுழைந்து, இரைப்பையைக் கடந்து, சிறுகுடல் முழுவதும் நடந்து, பெருங்குடலுக்குள் இறங்கி, ஏழாவது வாரமளவில் கடைசி எல்லையை அடைகின்றன. முளையத்தில் வேறு எந்தக் கலக்கூட்டமும் இவ்வளவு தூரம் போவதில்லை.

எங்கள் கண்டி வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கூட்டம் கிளம்புகிறது. நாவற்குழியில் சிலர் தங்குகிறார்கள், கைதடியில் சிலர், சாவகச்சேரியில் சிலர், கொடிகாமத்தில் சிலர். நடக்கும்போதே குடும்பம் பெருகுகிறது, பெருகியவர்கள் மேலும் நடக்கிறார்கள். போதாததற்கு அவர்கள் நடக்க நடக்க வீதியும் நீண்டுகொண்டே போகிறது, ஏனென்றால் குடலும் அதே வாரங்களில் வளர்கிறது. ஆட்தொகை போதாவிட்டாலோ, நடை பிந்தினாலோ, வழியிலேயே எல்லோரும் குடியமர்ந்துவிட்டாலோ, பளையும் இயக்கச்சியும் வெறுமையாகக் கிடக்கும். கைதடி வெறுமையாகாது. கடைசி ஊர்கள்தான் வெறுமையாகும்.

ஹிர்ஷ்பிரங் நோயில் நடப்பது இதுதான். நரம்பில்லாத பகுதி எப்போதும் குதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போகிறது. பத்தில் எட்டுப் பிள்ளைகளில் பெருங்குடலின் கடைசித் துண்டு மட்டும் வெறுமையாக இருக்கும். சிலரில் பெருங்குடல் முழுவதுமே வெறுமையாகிவிடும். நடை எங்கே நின்றதோ அதைப் பொறுத்தது.

ஆளியும் ரெகுலேற்றரும்

நடை ஏன் நிற்கிறது என்று கேட்டால் பரம்பரையலகுகளுக்குள் போக வேண்டும்.

எங்கள் உடலின் அநேகமாக எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரையலகுகள்தான் இருக்கின்றன. புரதங்களை ஆக்குவதற்கான குறிப்புகளைக் கொண்டவை மட்டும் ஏறத்தாழ 20,000. தோல் கலத்திலும் அவைதான், நரம்புக்கலத்திலும் அவைதான். எந்தக் கலத்தில், எந்த நேரத்தில், எந்தப் பரம்பரையலகு வேலை செய்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. இதைத்தான் பரம்பரையலகு வெளிப்பாடு என்கிறோம். பலர் இதை விளக்குப் போடும் ஆளியாக நினைக்கிறார்கள், போட்டால் எரியும், நிறுத்தினால் அணையும். விசிறியின் ரெகுலேற்றர் என்று நினைத்தால் இன்னும் பொருந்தும். சுற்றுகிறதா என்பதோடு எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதும் முக்கியம்.

குடலுக்கு நடக்கும் கலங்களில் முக்கியமான பரம்பரையலகின் பெயர் 'றெற்'. அது ஆக்கும் புரதம் கலத்தின் மேற்பரப்பில் ஒரு வாங்கியாக நிற்கிறது. குடற்சுவரின் கலங்கள் 'ஜீ.டீ.என்.எவ்' என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கின்றன. அது வாங்கியில் பட்டதும் நடக்கும் கலத்துக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன: உயிரோடு இரு, பெருகு, இந்தப் பக்கம் வா. எலி முளையங்களில் பார்த்தால் இந்தச் சுரப்பு முதலில் இரைப்பைப் பக்கம் கூடுதலாக இருக்கிறது, பிறகு பெருங்குடல் தொடங்கும் இடத்தில் கூடுகிறது. நடக்கும் கூட்டத்துக்கு முன்னால் யாரோ ரோச் பிடித்துக்கொண்டு போவது போல.

'சொக்ஸ்-10' என்ற பரம்பரையலகு இந்தக் கலங்களை நடக்கும் நிலையிலேயே வைத்திருக்கிறது. 'எண்டொதீலின்-3' என்ற சுரப்பு, அவசரப்பட்டு இப்போதே நரம்புக்கலமாக மாறி இங்கேயே குடியமர்ந்துவிடாதே என்று தடுக்கிறது. எல்லாம் சரியான அளவில், சரியான கிழமையில் நடக்க வேண்டும். ஒன்று பிந்தினால் நடை குறுகும்.

இதையெல்லாம் எப்படி அறிகிறார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு பரம்பரையலகு வேலை செய்யும்போது அதன் பிரதியாக ஆர்.என்.ஏ. உண்டாகிறது. அதை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். இப்போது ஒவ்வொரு கலத்திலும் தனித்தனியே எண்ணுகிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள சாங்கர் நிறுவகத்தைச் சேர்ந்தவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், முளையப் பருவம் தொடக்கம் வளர்ந்தோர் வரையான மனிதக் குடல்களிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கலங்களை இப்படிப் படித்திருந்தார்கள். ஹிர்ஷ்பிரங் நோயோடு தொடர்புள்ள பரம்பரையலகுகள் எந்தக் கலத்தில் எப்போது வேலை செய்கின்றன என்பதும் அதில் அடங்கும்.

அளவு குறைந்தால்

றெற் பரம்பரையலகில் ஏற்படும் பிழை ஹிர்ஷ்பிரங் நோயை உண்டாக்கும் என்பது 1994இல் தெரியவந்தது. ஆனால் கணக்குச் சரிவரவில்லை. குடும்பத்தில் வேறெவருக்கும் இல்லாமல் இந்த நோயோடு பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோரின் றெற் புரதத்தில் எந்தப் பிழையும் இல்லை. அப்படியானால் பிழை எங்கே?

இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் செலவிட்டவர்களில் ஒருவர் அரவிந்த சக்கரவர்த்தி. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவகத்தில் படித்து அமெரிக்காவுக்குப் போனவர். அவருடைய குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு விடையின் முக்கியமான ஒரு பகுதியைக் காட்டியது. மாற்றம் புரதத்துக்கான குறிப்பில் இல்லை. அதற்கு நடுவே, புரதமாக மாறாத ஒரு பகுதியில் இருந்தது. அந்தப் பகுதிதான் றெற்றின் வேகத்தைக் கூட்டும் ரெகுலேற்றர். அதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் வேகம் குறைகிறது.

வியப்பு என்னவென்றால் இந்த மாற்றம் அரிதானதல்ல. ஆபிரிக்காவில் மிகக் குறைவு. ஐரோப்பாவில் இந்தப் பரம்பரையலகின் நான்கு பிரதிகளில் ஏறத்தாழ ஒன்றில் உண்டு. ஆசியாவில் இன்னும் கூட, பாதிக்குக் கிட்டவாக வருகிறது. எங்களில் எத்தனையோ பேர் இதைச் சுமந்துகொண்டு எந்தக் குறையும் இல்லாமல் வாழ்கிறோம்.

2016இல் அதே குழுவில் சுமந்திர சட்டர்ஜியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. றெற்றுக்கு அப்படியான ரெகுலேற்றர்கள் மூன்றில் மாற்றங்கள் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். ஒன்று குறைந்தால் கலம் ஓரளவு சமாளிக்கும். பல சேர்ந்து குறைந்தால் றெற்றின் வேகம் ஒரு கோட்டுக்குக் கீழே போய்விடும். அப்போது அதோடு இணைந்து வேலை செய்யும் சொக்ஸ்-10 போன்றவையும் குழம்புகின்றன. எலிகளில் றெற் பாதியாகக் குறைந்தாலும் குடல் நரம்புகள் போய்ச் சேர்கின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் பெருங்குடலின் கடைசி வெறுமையாகிவிடுகிறது.

அளவு என்பதற்கு மறுபக்கமும் உண்டு. இதே றெற் நிறுத்தமில்லாமல் வேலை செய்யும்படி பிழைத்தால் தைரொயிட் சுரப்பியில் ஒருவகைப் புற்றுநோய் உண்டாகிறது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

உலகில் ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்று ஹிர்ஷ்பிரங் நோயோடு பிறக்கிறது. ஆண்பிள்ளைகளில் பெண்பிள்ளைகளை விட நான்கு மடங்கு கூடுதல். தாயிடமிருந்து கொஞ்சம், தந்தையிடமிருந்து கொஞ்சம், மிச்சம் தற்செயல் என்று சேர்ந்து ஒரு பிள்ளையில் மட்டும் அளவு கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. பெற்றோர் இருவரும் சுகமாகவே இருப்பார்கள்.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண மக்களின் பரம்பரையலகு விவரம் தேவை. '1000 ஜீனோம்' என்ற சர்வதேசத் திட்டம் 26 மக்கட் கூட்டங்களிலிருந்து 2,504 பேரின் விவரங்களை 2015இல் வெளியிட்டது. அந்த 26இல் ஒன்று 'ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்'. இலண்டன் போன்ற இடங்களுக்கு எங்கள் சனம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் வெளியிடாமல் இரத்தம் கொடுத்த அந்த நூற்றுச்சொச்சம் பேரின் விவரங்களை இன்று உலகின் எந்த ஆய்வாளரும் திறந்து பார்க்கலாம். தென்னாசியரில் ஒரு மாற்றம் எவ்வளவு பரவலானது என்று தேடும் இடங்களில் எங்களவர்களும் கணக்கில் இருக்கிறார்கள்.

சொந்தத்துக்குள் கலியாணம், உணவு

இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மச்சான் மச்சாள் கலியாணத்தால் இது வருமா? சில குடும்பங்களில் சாத்தியம் கூடலாம். அமெரிக்காவில் தங்களுக்குள்ளேயே மணம் செய்யும் மெனொனைற் என்ற கிறிஸ்தவ சமூகத்தில் இந்த நோய் அதிகம். அவர்களில் எண்டொதீலின் வாங்கியின் பரம்பரையலகில் ஒரு பிழை இருப்பது 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. இருபக்கமும் அதே பிழை சேரும் பிள்ளைகளுக்கு ஆபத்துக் கூடுதல். ஆனால் உலகில் இந்த நோயோடு பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோரின் பெற்றோர் சொந்தக்காரர் அல்லர். ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்பதை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தின் கலியாணத்தைக் குறைசொல்ல இடமில்லை.

தாய் சரியாகச் சாப்பிடாததால் வந்ததா? எலிகளில் விற்றமின் ஏ கடுமையாகக் குறைந்தால் குடல் நரம்புக் கலங்களின் நடை குறுகுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். முற்றாக இல்லாமல் செய்து நடத்திய சோதனை அது. பொருளாதாரத் தடைக்காலத்தில் வயிறாரச் சாப்பிடாத ஒரு தாயைக் குற்றவாளியாக்க அதைப் பயன்படுத்த முடியாது. கர்ப்பிணிகள் முருங்கையிலை, கீரை, பூசணி, பப்பாப்பழம், முட்டை என்று சாப்பிடுவது எப்படியும் நல்லது. ஆனால் விற்றமின் ஏ குளிசைகளைத் தாங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. அளவு மிஞ்சினால் அதுவே முளையத்துக்குக் கேடு செய்யும்.

ஓர் அக்காவின் கேள்வி

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு வந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. எங்கள் வளவில் நான்கு குடும்பங்கள் தங்கியிருந்தன. அதில் ஓர் அக்கா நிறைமாதம். நவம்பர் நடுப்பகுதியில் அவருக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் பிள்ளையின் வயிறு பறை போல இறுகியது. மலம் போகவில்லை. பச்சை வாந்தி. இடம்பெயர்ந்த சனத்தால் எல்லா இடமும் நிரம்பி வழிந்த நேரம். குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் இடத்துக்குப் போக வேண்டுமானால் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, வன்னியைத் தாண்டி, வவுனியாவுக்கு அப்பால் போக வேண்டும். பிள்ளை இரண்டாம் கிழமை இறந்துபோனது.

அந்த அக்கா இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் போனில் கதைத்தபோது, "மாஸ்ரர், அண்டைக்கு நான் அவ்வளவு தூரம் நடக்காமல் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருக்குமோ?" என்று கேட்டார். நடந்ததால்தான் பிள்ளையின் குடல் பிசகியது என்று மாமியார் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடம் அவர் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அவரோடு கணக்குப் போட்டேன். நிறைமாதத்தில் நவம்பர் நடுவில் பிறந்த பிள்ளை பெப்ரவரி பிற்பகுதியில் கருவாகியிருக்கும். ஹிர்ஷ்பிரங் நோயென்றால் குடல் நரம்புக் கலங்களின் நடை, கருக்கட்டி நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் நடந்து முடிந்திருக்கும். அதாவது பங்குனி நடுப்பகுதிக்கும் சித்திரை நடுப்பகுதிக்கும் இடையில். 1995 ஜனவரி 8இல் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரல் 19 வரை இருந்தது. செல் விழாத, குண்டு வீசும் விமானம் வராத, கொழும்புச் சாமான்கள் வரும் என்று சனம் ஆசையோடு காத்திருந்த அந்த மாதங்களில்தான் அந்தப் பிள்ளையின் குடல் தீர்மானமாகியிருந்தது. அக்கா மழைக்குள் நடந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

அந்த நடை பிள்ளையின் குடலைக் கெடுக்கவில்லை. போர் செய்தது வேறு. பிள்ளையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சத்திரசிகிச்சைக்குப் போகும் பாதையை அது மூடி வைத்திருந்தது. அந்தக் குற்றம் எந்தத் தாயுடையதும் அல்ல.

என்ன செய்ய வேண்டும்

நிறைமாதத்தில் பிறந்த சுகமான பிள்ளைகள் அநேகமாக எல்லாமே 24 மணித்தியாலத்துக்குள் கரும்பச்சையான முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணித்தியாலம் கடந்தும் போகாவிட்டால் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பிந்தும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த நோய் என்றில்லை. ஆனால் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

வயிறு உப்பி இறுகினாலோ, வாந்தி பச்சை நிறமாக இருந்தாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. அது எந்தக் காரணத்தால் வந்தாலும் அவசரம். வேப்பெண்ணெய், வெற்றிலைக் காம்பு, கைமருந்து என்று நாளைக் கடத்தாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சில பிள்ளைகளில் நோய் அவ்வளவு வெளிப்படையாக இராது. பிறந்த நாள் முதல் மலச்சிக்கல், எப்போதும் பெருத்த வயிறு, எனிமா வைத்தால் மட்டும் மலம் போவது, நிறை ஏறாமை என்று மாதக்கணக்கில் இழுபடும். இப்படி உள்ள பிள்ளையையும் ஒருமுறை சோதிப்பிக்க வேண்டும். டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் இந்த நோய் மற்றவர்களை விடப் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுவதால் அவர்களில் மலச்சிக்கலை அலட்சியப்படுத்தக் கூடாது.

வைத்தியசாலையில் பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். நேர்குடலின் சுவரிலிருந்து மிகச் சிறிய துண்டு எடுத்து நரம்புக்கலங்கள் இருக்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இந்தச் சோதனைதான் முடிவானது. நோய் உறுதியானால் நரம்பில்லாத பகுதியை அகற்றி நல்ல குடலைக் குதத்துக்கு இணைப்பார்கள். சில பிள்ளைகளுக்கு முதலில் வயிற்றில் தற்காலிகமாக ஒரு வழி திறந்து, மலத்தைப் பையில் சேர்த்து, பிள்ளை தேறிய பின் அடுத்த சத்திரசிகிச்சை செய்வார்கள். பையைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அது பெரும்பாலும் நிரந்தரமல்ல.

சத்திரசிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பதும் சரியல்ல. முன்னரும் பின்னரும் குடலில் கடுமையான அழற்சி ஏற்படக்கூடும். காய்ச்சல், உப்பிய வயிறு, வெடித்துப் பாயும் நாற்றமுள்ள வயிற்றோட்டம், பிள்ளை சோர்ந்து கிடப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த நோயில் பிள்ளைகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதுதான். சாதாரண வயிற்றோட்டம் என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். போகும்போது, பிள்ளைக்கு ஹிர்ஷ்பிரங் நோய்க்குச் சத்திரசிகிச்சை நடந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். துண்டுகளை ஒரு பைலில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். மலத்தை அடக்கும் பழக்கம் வரச் சில பிள்ளைகளுக்கு வருடங்கள் எடுக்கும். பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியருக்கு அதைச் சொல்லி வையுங்கள், பிள்ளை கேட்டதும் வெளியே விடச் சொல்லுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று கேட்பார்கள். மொத்தமாகப் பார்த்தால் அடுத்த சகோதரத்துக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு அளவு. நரம்பில்லாத பகுதி நீளமாக இருந்த குடும்பங்களில் அது கூடும். ஆகவே அடுத்த பிள்ளை பிறக்கும்போது முன்கூட்டியே வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லி வைத்தால் முதல் நாளிலிருந்தே கவனிப்பார்கள்.

நரம்பு இல்லாத குடலுக்கு நரம்புக்கலங்களைக் கொண்டுபோய் வைக்கும் முயற்சியும் நடக்கிறது. 2016இல் நியூயோர்க்கில் மனித மூலக்கலங்களிலிருந்து குடல் நரம்புக் கலங்களை வளர்த்து, இதே நோயுள்ள எலிகளின் பெருங்குடலில் வைத்தார்கள். கலங்கள் பரவின, எலிகள் பிழைத்தன. முளையத்தில் எந்தப் பரம்பரையலகு எந்த நாளில் வேலை செய்கிறது என்று படித்ததால்தான் அந்தக் கலங்களை வளர்க்க முடிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்றுள்ள சிகிச்சை சத்திரசிகிச்சைதான், அதுவும் நேரத்துக்குப் போனால் நன்றாகப் பலன் தருவது.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் எங்கள் பெடியன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். உடம்புக்குள் நடப்பதை ஆட்களின் சொந்த மொழியில் சொன்னால்தான் பயமும் பழியும் குறையும். இந்த மண்ணில் அது புதிய வேலையல்ல.

பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் முப்பத்தொன்றுக்குள் தாயிடம் எத்தனையோ கேள்வி கேட்கிறோம். பிள்ளை ஆர் சாயல், நிறை எவ்வளவு, நட்சத்திரம் என்ன என்றெல்லாம் கேட்கிறோம். முதல் நாளிலேயே பக்கத்தில் இருக்கும் ஆச்சிமாரும் மாமிமாரும் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளைக்கு மலம் போனதோ, எப்ப போனது? பதில் இல்லை என்றால் வாகனத்தைக் கூப்பிடுங்கள்.